வீட்டுக்குள் வரும் சட்டம்

குடும்பம் என்பது நான்கு சுவர்களுக்குள் அடங்கிய தனி உலகம் என்றும், அரசாங்கத்துக்கு அங்கே அலுவல் இல்லை என்றும் நம்மில் பலர் எண்ணுகின்றோம். வரி, வழக்கு, படை, பாதை ஆகியவை அரசின் துறைகள். மணம், மகப்பேறு, பாகம், பராமரிப்பு ஆகியவை வீட்டின் துறைகள் என்று பிரித்துப் பேசுகின்றோம். உண்மை அவ்வாறு இல்லை. எவரை எந்த வயதில் மணக்கலாம், தந்தையின் நிலம் எவரைச் சேரும், குழந்தைக்காகக் கையொப்பம் இடத்தக்கவர் எவர், எத்தனை குழந்தைகள் போதும் என்பவற்றில் எல்லாம் அரசாங்கம் நெடுங்காலமாகவே தன் கருத்தைச் சொல்லி வருகிறது. அக்கருத்து சில சமயம் பெண்ணை உயர்த்தியது. சில சமயம் அவள் தோளில் புதிய சுமையை ஏற்றியது. தமிழகத்தை விட்டு வந்து தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம்முடைய வேலை இங்கே. வீடும் நிலமும் உறவும் அங்கே. இரண்டிற்கும் இடையே நிற்பது சட்டம்.

சட்டம் பிறந்த கதை

1956-ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்துக் குடும்பங்களின் பாகப் பிரிவினை பெரும்பாலும் மிதாட்சர முறைப்படி நடந்தது. வங்காளத்தில் தாயபாக முறை வழங்கிற்று. தாயபாகத்தில் தந்தை உயிரோடு இருக்கும்வரை மகனுக்குப் பங்கு இல்லை. மிதாட்சரத்திலோ பிறந்த கணமே மகன் பங்காளி ஆகிவிடுகிறான். கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் வங்காளத்து மண்ணில் வாழ்ந்தாலும் அதன் முறை மிதாட்சரமே என்று நீதிமன்றங்கள் கொண்டன. புலம்பெயர்ந்தவர் தம் சட்டத்தையும் மூட்டையோடு சுமந்து செல்கின்றார் என்பது அன்றைய விதி. அந்த மூட்டையில் மகளுக்கு இடம் இல்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை தந்தது. ஆனால் அது ஆயுட்கால அநுபவ உரிமை மட்டுமே.

இந்நிலையை மாற்ற எழுந்ததே இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. அதைப் பாராளுமன்றத்தில் முன்னின்று நடத்தியவர் சட்ட மந்திரி டாக்டர் அம்பேத்கர். சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற துர்காபாய் அம்மையாரும் அம்மு சுவாமிநாதன் அம்மையாரும் அதற்கு ஆதரவாக நின்றனர். எதிர்ப்போ கடுமையாக இருந்தது. சகோதரிக்குப் பங்கு கொடுத்தால் குடும்பம் சிதறும், நிலம் துண்டாகும், தர்மம் அழியும் என்றெல்லாம் பேசினர். 1951-இல் மசோதா கைவிடப்பட்டது. அதுவும் ஒரு காரணமாக அம்பேத்கர் அவ்வாண்டு செப்டம்பரில் பதவி துறந்தார். பின்னர் 1955-இல் திருமணச் சட்டமும், 1956-இல் வாரிசுரிமைச் சட்டம், காப்பாளர் சட்டம், சுவீகாரமும் ஜீவனாம்சமும் பற்றிய சட்டம் ஆகியவையும் தனித்தனியாக நிறைவேறின.

தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு உள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்திருந்தது. தீர்மானம் சட்டமாவதற்குத்தான் காலம் பிடித்தது.

பன்னிரண்டு ஏக்கர்

1956-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயம் இல்லை. பெண் பெறும் சொத்து அவளுக்கே முழு உரிமை என்று அதன் 14-ஆம் பிரிவு சொல்லிற்று. மகளும் தந்தையின் வாரிசு என ஏற்கப்பட்டாள். ஆனால் எதிர்ப்பாளரைச் சமாதானம் செய்வதற்காக, பரம்பரைச் சொத்தில் ஆண்மக்களுக்கு மட்டுமே பிறப்புரிமை என்ற பழைய முறையை அச்சட்டம் அப்படியே விட்டுவிட்டது.

அதன் பயனை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு குடும்பத்துக்குப் பரம்பரை நிலம் 12 ஏக்கர் என்று கொள்வோம். தந்தைக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். தாய் முன்னரே காலமானவர். தந்தை உயில் எழுதாமல் இறக்கின்றார். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் தந்தையும் இரு மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டதாகக் கருத வேண்டும். ஆளுக்கு 4 ஏக்கர். பிறகு தந்தையின் 4 ஏக்கரை மூன்று மக்களும் சமமாகப் பங்கிட வேண்டும். முடிவில் மகன் ஒவ்வொருவனுக்கும் ஐந்தே கால் ஏக்கருக்குச் சற்றே மிகுதியாகவும், மகளுக்கு ஒன்றே கால் ஏக்கருக்குச் சற்றே மிகுதியாகவும் கிடைக்கும். ஏறக்குறைய நான்குக்கு ஒன்று! சமத்துவம் என்று பெயர் வைத்த சட்டம் தந்த கணக்கு இது. மேலும், குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி மகள் கேட்க இயலாது. ஆண்வாரிசுகள் மனம் வைத்தால்தான் உண்டு என்று 23-ஆம் பிரிவு தடுத்து நின்றது.

இந்தக் கணக்கைத் திருத்தத் தென்னாடே வழிகாட்டிற்று. கேரளம் 1975-இல் கூட்டுக்குடும்பச் சொத்து முறையையே ஒழித்தது. ஆந்திரம் 1986-இலும், தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டு மார்ச் 25 முதலும் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கின. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல் அவ்வழி வந்தன. எனினும் தமிழ்நாட்டுச் சட்டம், அந்நாளில் மணமாகாதிருந்த மகளுக்கு மட்டுமே உரிமை தந்தது. மணமானவள் வேறு வீட்டைச் சேர்ந்தவள் என்ற பழைய எண்ணம் புதிய சட்டத்துக்குள்ளும் நுழைந்துகொண்டது.

2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேற்றுமையையும் நீக்கிற்று. மணமானவளோ மணமாகாதவளோ, மகள் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி. 23-ஆம் பிரிவும் ஒழிந்தது. முன்சொன்ன 12 ஏக்கர் இப்போது ஆளுக்கு 4 ஏக்கராகும். அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயம் சில ஆண்டுகள் நீடித்தது. தேவை இல்லை என்று 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. ஒரு விலக்கை நினைவில் வைக்க வேண்டும்: 2004 டிசம்பர் 20-க்கு முன்னரே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முறையாக முடிந்த பாகப் பிரிவினையை மறுபடியும் கிளற இயலாது.

ஊரை விட்டுப் போனவர் யார்?

சட்டம் இவ்வாறு நேராயிற்று. வழக்கம் நேராயிற்றா? விடுமுறைக்கு ஊர் செல்லும் சகோதரியிடம், பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒருமுறை வந்து போகும்படி அண்ணன் சொல்கின்றான். அங்கே விடுதலைப் பத்திரம் ஆயத்தமாக இருக்கிறது. என்ன சொத்து, என்ன மதிப்பு, தன் பங்கு எவ்வளவு என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சுகின்றாள். ஐம்பது ஆண்டுப் போராட்டத்தில் கிடைத்த உரிமை ஒரு கையொப்பத்தில் கரைந்து போகிறது. பாசத்துக்காக மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. கணக்கை அறியாமல் விட்டுக்கொடுக்க நேர்வது வேறு.

"பெண்தான் ஊரை விட்டுப் போய்விட்டாளே, நிலத்தைப் பார்ப்பவன் மகன் அல்லவா?" என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். புலம்பெயர்ந்த குடும்பங்களாகிய நாம் இந்த நியாயத்தைச் சொல்லலாமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டுகளாக வடநாட்டில் உத்தியோகம் பார்க்கும் மகன் வயலில் கால் வைத்ததில்லை. ஆயினும் அவன் பெயர் பட்டாவிலிருந்து விழுவதில்லை. பத்து மைல் தொலைவில் வாழ்க்கைப்பட்டு, தாய் நோயுற்ற போதெல்லாம் ஓடி வந்த மகள் மட்டும் "போனவள்" ஆகிவிடுகின்றாள். ஊரை விட்டுப் போனதால் மகன் உரிமை இழப்பதில்லை என்றால், மகள் மட்டும் ஏன் இழக்க வேண்டும்?

பெற்றோரை உடனிருந்து காத்தவருக்குக் கூடுதலாக ஏதேனும் தர வேண்டும் என்பது நேர்மையான கோரிக்கை. அவ்வாறு காத்தவர் மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். பல வீடுகளில் மருமகளாகவே இருக்கின்றார். உழைப்புக்கு மதிப்புக் கொடுப்பதென்றால் உழைத்தவரைப் பார்த்துக் கொடுப்போம். ஆணா பெண்ணா என்று பார்த்துக் கொடுப்பது உழைப்புக்குத் தரும் மதிப்பு ஆகாது.

இன்னும் ஒரு குறை சட்டத்திலேயே இருக்கிறது. மக்களும் கணவரும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் தானே ஈட்டிய சொத்து முதலில் கணவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். அவளைப் பெற்றவர்கள் அவர்களுக்குப் பின்னரே. இது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ஆடவன் இறந்தாலோ மனைவியும் தாயும் முதல் வரிசையிலேயே ஒன்றாக நிற்கின்றனர். பெண் அலுவலகம் செல்வதும் சம்பாதிப்பதும் அரிதாக இருந்த நாளில் எழுதிய விதி இது. இன்று தன் சம்பளத்தில் நகரத்தில் வீடு வாங்கிய விதவைப் பெண்ணின் வயோதிகத் தாய், அந்த வீட்டுக்காக மருமகனின் உடன்பிறந்தார்க்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. 2009-இல் இத்தகைய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் சட்டத்தின் சொல்லே முடிவு என்று கூறிவிட்டது. சட்டம் திருந்தும்வரை இதற்கு மருந்து ஒன்றே: சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் உயில் எழுதி வைக்க வேண்டும்.

எவருடைய கையொப்பம்?

சொத்தை விட நுட்பமானது குழந்தையின் மேல் உள்ள அதிகாரம். 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், இந்துக் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பின்" தாய் என்று கூறுகிறது. இந்த ஒரு சொல் எத்தனை தாய்மார்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளிற்று என்பதற்கு அளவில்லை.

கோயமுத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-இல் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் தாயே காப்பாளராகக் கையொப்பமிட்டிருந்தார்; கணவரின் முழுச் சம்மதமும் இருந்தது. வங்கியோ தந்தையின் கையொப்பம் வேண்டும் என்றது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1999-இல் வந்த தீர்ப்பு, "பின்" என்ற சொல்லுக்குத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை; தந்தை பொறுப்பை ஏற்காத இடத்திலும், இருவரும் இசைந்து தாயிடம் ஒப்படைத்த இடத்திலும் தாயே காப்பாளர் ஆகலாம் என்றது. 2015-இல், மணமாகாத தாய் தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே காப்பாளர் ஆகலாம் என்றும் நீதிமன்றம் கூறிற்று. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்றாயிற்று. ஆயினும் சட்டத்தின் பழைய சொல் இன்றும் ஏட்டில் அப்படியே இருக்கிறது.

உடலும் உத்தரவும்

குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. 1952-இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு நோக்கம் மக்கள்தொகைப் பெருக்கத்தைக் குறைப்பது. தமிழ்நாட்டிலோ அதற்கும் முன்பே பெரியார் வேறொரு நோக்கத்தை வற்புறுத்தி வந்தார். நாட்டின் வறுமை நீங்குவதற்காக என்று மற்றவர்கள் கூற, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் அவர். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. முதலாவதில் பெண் ஓர் எண். இரண்டாவதில் அவள் முடிவெடுக்கும் ஆள்.

எண்ணை மட்டும் பார்த்த திட்டம் எங்கே சென்று முடிந்தது என்பதை நாடு அறியும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்தவை. பல கட்டாயத்தின்பேரில் நடந்தவை. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை. கட்டாயம் தவறு என்று பாடம் கற்றிருக்க வேண்டிய அரசாங்கம், ஆணைத் தொடுவது ஆபத்து என்ற பாடத்தையே கற்றுக்கொண்டது. சுமை முழுவதும் பெண்ணின் பக்கம் சாய்ந்தது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு 0.3 மட்டுமே. ஆணுக்குச் செய்யும் அறுவை எளியது, அபாயம் குறைந்தது என்று மருத்துவர்கள் அனைவரும் கூறுகின்றனர். அறிந்தும் நாம் பெண்ணையே அனுப்புகின்றோம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் நடந்த முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுவை செய்தார். அங்கே நேர்ந்த மரணங்கள் நாட்டை உலுக்கின. 2016-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டது.

இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. தென்மாநிலங்களில் பிறப்பு குறைந்துவிட்டது என்ற கவலை எழுந்துள்ளது. இரண்டுக்கு மேல் குழந்தை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்று சட்டம் வைத்திருந்த ஆந்திரம், 2024-இல் அதை நீக்கிற்று. குறைத்துப் பெறு என்ற குரலும் மிகுத்துப் பெறு என்ற குரலும் ஒரே மேடையிலிருந்து வருகின்றன. இரண்டிலும் கேட்கப்படாதது, பெறுகின்றவளின் விருப்பம்.

தாம்பத்தியத்தைப் பற்றிய சட்டத்திலும் இதே நிலை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பிறன்மனை விழைந்தவனைத் தண்டித்தது. ஆனால் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை என்றது. மனைவி கணவனின் உடைமை என்பதே அதன் உட்பொருள். தவறிய கணவன்மீது முறையிட மனைவிக்கு அச்சட்டம் வழி தரவில்லை. 2018 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாதது ஆக்கிற்று. ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய மனைவியின் சம்மதமின்றிக் கணவன் கூடுவதை வன்புணர்ச்சியாகக் கொள்ளலாகாது என்ற விலக்கு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்திலும் தொடர்கிறது. மணம் என்பது ஒருமுறை தந்து என்றென்றைக்கும் செல்லும் சம்மதம் ஆகுமா என்பதைப் படித்தவர்கள் சிந்திக்க வேண்டும்.

தொட்டிலும் தொழிலும்

1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் தொழில் புரியும் தாய்க்கு ஊதியத்தோடு ஓய்வு தந்தது. 2017-இல் அந்த விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. போற்றத்தக்க செயல்தான். ஆனால் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேராத நிறுவனங்களில் இச்செலவு முழுவதும் முதலாளியைச் சார்ந்தது. தந்தைக்கோ பொதுவான விடுப்புச் சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியர்க்கு 15 நாள் உண்டு, அவ்வளவே. ஆகவே குழந்தை என்றால் தாயின் அலுவல் என்பதை நல்ல சட்டமே மறைமுகமாக உறுதிப்படுத்துகிறது; பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் முதலாளிக்கும் ஒரு சாக்குக் கிடைக்கிறது. ஸ்வீடன் நாடு 1974-லேயே தாய்க்குரிய விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது. ஆண்கள் அதை எடுக்கத் தயங்கியதைக் கண்டு, 1995-இல் தந்தை எடுக்காவிடில் கழிந்துபோகும் ஒரு மாதத்தை ஒதுக்கிற்று. அதன் பிறகே தந்தையர் பெருந்தொகையாக அதை எடுக்கத் தொடங்கினர். சட்டத்தின் வடிவம் வீட்டுப் பழக்கத்தை மாற்றும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் 2019-இல் எடுத்த நேரக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடங்களையும், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுவதாகக் காட்டிற்று. மாமியாரோ அத்தையோ துணைக்கு இல்லாத புலம்பெயர்ந்த வீடுகளில் இந்தச் சுமை இன்னும் கனமானது என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவர்.

நம் கையில் உள்ளது

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். குடும்பத்தை ஒரு தலைவனும் அவனைச் சார்ந்தவர்களும் என்று கண்ட சட்டங்கள் பெண்ணைத் தாழ்த்தின. குடும்பத்தை உரிமையும் கடமையும் உள்ள தனித்தனி மனிதர்களின் கூட்டாகக் கண்ட சட்டங்கள் அவளை உயர்த்தின. சட்டத்தை எழுதுவது பாராளுமன்றம். அதை வீட்டுக்குள் வாழ வைப்பதும் வாசலிலேயே நிறுத்துவதும் நாம்தான்.

ஆகவே சங்கத்து அன்பர்கள் சில செயல்களை இவ்வாண்டே செய்யலாம். பூர்விகச் சொத்தின் விவரத்தை மகனுக்குச் சொல்வதுபோல் மகளுக்கும் சொல்லுங்கள். சகோதரியிடம் விடுதலைப் பத்திரம் கேட்குமுன் அவள் பங்கின் மதிப்பை எழுதிக் காட்டுங்கள். அதன் பிறகு அவள் விட்டுக்கொடுத்தால் அதுவே உண்மையான அன்பளிப்பு. கணவனும் மனைவியும் தனித்தனியே உயில் எழுதுங்கள். பள்ளியிலும் வங்கியிலும் காப்பாளர் என்ற இடத்தில் தாயின் பெயரையும் சேர்க்கும்படி கேளுங்கள். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்யும் தம்பதியர், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் எவர் என்பதை ஒருமுறையேனும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தொலைவில் இருப்பதால் உரிமை தொலைவதில்லை என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் வேறு எவர்? அந்த நியாயத்தை நம் பெண்மக்களுக்கும் வழங்குவோம்.